பெர்சியன் நகர மாட்டேன் என்கிறது, பெங்கால் நிற்க மாட்டேன் என்கிறது: பூனைக்கு எவ்வளவு விளையாட்டு வேண்டும்?

நீங்கள் கேட்டது இது. வேளச்சேரியில் மூன்றாவது மாடி ஃபிளாட், வீட்டில் 2 பூனைகள். ஒன்று கருத்தடை ஆன 3 வயதுப் பெர்சியன், பெண், 6.2 கிலோ, கிண்ணத்தில் எப்போதும் ட்ரை ஃபுட் இருக்கும், நாள் முழுக்க பாத்ரூம் வாசல் டைல்ஸில் கிடக்கிறாள். இன்னொன்று உங்கள் அண்ணன் பெங்களூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த 5 மாதப் பெங்கால் குட்டி, ஆண், விடியற்காலை 3 மணிக்குத் திரைச்சீலையில் ஏறுகிறான். எந்த இனத்துக்குத் தினம் எத்தனை நிமிடம் உடற்பயிற்சி வேண்டும், நாய் மாதிரி கயிறு கட்டி வெளியே கூட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது நிமிடக் கணக்குதான், ஆனால் அதற்குள் இரண்டு பயம் இருப்பது தெரிகிறது. இவளுக்கு ஏதாவது நோயா என்பது ஒன்று. இந்தப் பயலை வாங்கியது தப்போ என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவன். தென்சென்னையில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்து 17 வருடம் ஆகிறது. ஆரம்பத்தில் நாய்தான் வரும், வாரத்துக்கு ஒரு பூனை வந்தால் அதிசயம். கொரோனா ஊரடங்குக்குப் பிறகு காலை வேளையில் பெஞ்சில் பாதிக்குப் பாதி பூனைக் கூடைகள். உங்கள் பூனைகளை நான் தொட்டுப் பார்க்கவில்லை, நெஞ்சில் ஸ்டெத் வைக்கவில்லை. அதனால் இங்கே சொல்வதை வைத்துக்கொண்டு டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். ஆய்வில் உறுதியானது எது, நான் பார்த்துப் பழகியதில் தோன்றுவது எது என்று முடிந்தவரை பிரித்தே சொல்கிறேன்.

முதலில் அந்த நிமிட அட்டவணை. பெர்சியனுக்கு இத்தனை, பெங்காலுக்கு இத்தனை என்று எண் போட்டு ஒன்று எல்லா இடத்திலும் சுற்றுகிறது. அது சோதனை செய்து அளந்து கண்ட எண் இல்லை. அந்தந்த இனத்தை வளர்த்து விற்பவர்கள் ‘எங்கள் பூனை சாது’, ‘எங்கள் பூனை துறுதுறு’ என்று சொன்னதை யாரோ நிமிடமாக மாற்றி எழுதியது. நாய்க்கு இப்படிக் கணக்குப் போடுவதில் ஓரளவு நியாயம் உண்டு, ஏனென்றால் நாய் இனங்கள் வேலைக்காக உருவானவை. ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் ஓடி வேட்டையாடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள், அதை ஃபிளாட்டில் அடைத்தால் சோபாவைக் கிழிக்கத்தான் செய்யும். பூனையிடம் மனுஷன் எதிர்பார்த்த வேலை எலி பிடிப்பது ஒன்றுதான், அதை எல்லாப் பூனையும் செய்தது. முடி, மூக்கு, நிறம் பார்த்து இனம் பிரிக்கும் மோகமே 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த பூனைக் கண்காட்சிக்குப் பிறகு சூடுபிடித்ததுதான். அதாவது பெரும்பாலான பூனை இனங்கள் அழகுக்காகப் பிரிந்தவை, ஓட்டத்துக்காக இல்லை.

அதற்காக இனத்துக்கு இனம் வித்தியாசமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2019இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் 5,726 பூனைகளைப் பற்றி உரிமையாளர்களிடம் விவரம் வாங்கி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சுறுசுறுப்பு இனத்துக்கு இனம் மாறுகிறது, இந்த மாதிரிக் குணங்களில் ஏறக்குறைய பாதி பரம்பரையாக வருகிறது என்று அதில் தெரிந்தது. ஃபின்லாந்துப் பூனைகள், அதுவும் உரிமையாளர் சொன்ன விவரம், என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாதி பரம்பரை என்றால் மீதிப் பாதி வயது, எடை, கருத்தடை, வீடு, வீட்டில் இருக்கும் ஆள். நம் ஊரில் அதோடு வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். என் அனுபவத்தில், பூனை எப்படி விளையாடும் என்பதற்கு இனம் ஒரு துப்பு கொடுக்கும். எவ்வளவு நேரம் என்பதை அந்தப் பூனையின் மூக்கும் மூட்டும் இதயமும்தான் முடிவு செய்யும்.

‘உடற்பயிற்சி’ என்ற வார்த்தையே பூனைக்குச் சரிப்பட்டு வராது. எங்கள் வீட்டில் ஒரு நாட்டுப் பூனை இருக்கிறாள், கிளினிக் ஜெனரேட்டர் பக்கம் குட்டியாகக் கத்திக்கொண்டிருந்தவள். சாயங்காலம் ஹாலில் டியூப்லைட் போட்டதும் பின்னாலிருந்து ஒரு பல்லி வெளியே வரும். இவள் டிவி ஸ்டாண்டு மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். போன வாரம் கடிகாரம் பார்த்தேன், 20 நிமிடம் அசையவில்லை. காது மட்டும் திரும்பியது, கண் பாப்பா விரிந்து கண் முழுக்கக் கறுப்பானது. பல்லி ஸ்விட்ச் போர்டு வரை இறங்கியதும் இவள் பின்பக்கம் இரண்டு தரம் இடமும் வலமுமாக ஆடியது, அப்புறம் ஒரே பாய்ச்சல். பல்லி வாலை விட்டுவிட்டு ஓடிவிட்டது. துடிக்கிற வாலை முன்காலால் அமுக்கிப் பார்த்து, வாயில் கவ்வி, மேஜைக்கு அடியில் கொண்டுபோய்த் தின்றுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு தூங்கப் போனாள். அந்த 20 நிமிடத்தில் அவள் ‘ஓடியது’ 3 நொடி இருக்கும். ஆனால் அன்றைக்கு அவளுக்குத் திருப்தி.

இதில் சந்தேகத்துக்கு இடமில்லை: பூனை பதுங்கிப் பாயும் விலங்கு, துரத்திக் களைக்க வைக்கும் விலங்கு இல்லை. பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, பாய்வது, கவ்வுவது, தின்பது, நக்கிச் சுத்தம் செய்வது, தூங்குவது என்று வரிசையாகப் போக வேண்டும். எந்த இனமானாலும் இந்த வரிசை மாறாது, எந்தப் படியில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதுதான் மாறும். பெர்சியன் பார்ப்பதிலேயே பாதி நேரத்தைக் கழிக்கும், பெங்கால் துரத்துவதிலும் பாய்வதிலும். அதனால் உங்கள் பெர்சியன் பொம்மையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ‘விளையாட மாட்டேன் என்கிறாள்’ என்று எழுந்து போய்விடாதீர்கள். அவள் கணக்கில் விளையாட்டு ஆரம்பமாகிவிட்டது.

வீட்டில் செய்ய வேண்டியது சுலபம். ஒரு குச்சி, அதில் கயிறு, கயிற்று நுனியில் சுருட்டிய துணியோ காகிதமோ. கடையில் காசு கொடுத்து வாங்கலாம், தென்னந்துடைப்பத்து ஈர்க்குச்சியிலும் கட்டலாம், பூனைக்கு இரண்டும் ஒன்றுதான். பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டாதீர்கள், எந்த எலியும் பூனையை நோக்கி ஓடி வராது. சோபா காலுக்குப் பின்னால் மறைந்து, நின்று, லேசாக நடுங்கி, திடீரென்று விலகி ஓட வேண்டும். நாலு தரம் தப்பித்தால் ஐந்தாவது தரம் மாட்டிக்கொள்ள வேண்டும், கவ்வியதை உடனே பிடுங்கக் கூடாது. கடைசியில் வேகத்தைக் குறைத்து, ‘இரையைச் சாகவிட்டு’, கையோடு சாப்பாடு வையுங்கள். ஒரு தடவைக்கு 5 முதல் 10 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை என்பது பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குச் சரியாக வரும். இதுவும் என் அனுபவ எண்தான், வேதம் இல்லை. இவ்வளவு கொஞ்ச நேரம் போதுமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வெளியே போய்வரும் பூனைகளோடு தினம் 5 முதல் 10 நிமிடம் விளையாடியதுமே அவை வேட்டையாடி வீட்டுக்குக் கொண்டுவருவது 25 சதவீதம் குறைந்தது. ஒரு காபி குடிக்கிற நேரம்தான், அதற்கே இவ்வளவு மாற்றம்.

இப்போது உங்கள் பெர்சியன். கடையில் முகத்தின் தட்டையைப் பார்த்து டால் ஃபேஸ், செமி பஞ்ச், பஞ்ச் என்று பிரித்து விற்கிறார்களே, அதில் பஞ்ச் பக்கம் போகப் போக விலை ஏறும், மூச்சு இறங்கும். முகம் தட்டையாகத் தட்டையாக மூக்குத் துவாரம் சிறுத்துவிடும், உள்ளே காற்று போகும் வழியும் நெருக்கமாகிவிடும். பூனைக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில்தான் கொஞ்சம். முடியை நக்கி ஈரமாக்கியும், தரையில் ஒட்டிப் படுத்தும்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அவள் பாத்ரூம் வாசலில் கிடப்பது பாதிக்கு மேல் இதற்காகத்தான் இருக்கும். மே மாதத்துச் சென்னையில் அந்த முடியோடு நீங்களும் டைல்ஸைத் தேடித்தான் போவீர்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு ஒரு குடும்பம் ஆட்டோவில் வந்து இறங்கியது. அந்த அம்மாவின் மடியில் ஈரத் துண்டு சுற்றிய பஞ்ச் ஃபேஸ் பெர்சியன், வாய் திறந்து நாக்கு வெளியே, ஈறு செங்கல் நிறம். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை, கரண்ட் இல்லை, லேசர் லைட்டை வைத்து அரை மணி நேரம் ஹாலில் ஓடவிட்டிருக்கிறார்கள். ‘நல்லா விளையாடினான் சார், நாய்க்குட்டி மாதிரி நாக்கைத் தொங்கப்போட்டான், சிரிப்பா இருந்துச்சு’ என்றான் பெரிய பையன். காய்ச்சல்மானி 105.4 காட்டியது, பூனைக்கு 102.5க்கு மேல் போகவே கூடாது. வயிற்றிலும் பாதத்திலும் குழாய்த் தண்ணீர் தடவி, ஃபேனை நேரே வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, டிரிப்ஸ் ஏற்றி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் வாயை மூடினான். பிழைத்துக்கொண்டான். அந்தப் பையன் அதுவரைக்கும் மேஜையை விட்டு நகரவில்லை. இதை இங்கே எழுதக் காரணம், பூனை வாய் திறந்து மூச்சு வாங்குவது நாய் மூச்சு வாங்குவது போல இல்லை. விளையாட்டில் வாய் திறந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். இரண்டு நிமிடத்தில் மூடிக்கொள்ளவில்லை என்றால் கூடையை எடுங்கள். பெர்சியனோடு விளையாடுவது காலை 7 மணிக்குள், இல்லை இரவு 8க்கு மேல், ஃபேன் ஓட வேண்டும், ஒரு தடவைக்கு 2, 3 நிமிடம் போதும். அதையே நாளைக்கு நாலைந்து தரம் செய்யலாம்.

நோயா சோம்பலா என்று பார்க்க வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அவள் அக்குளிலும் பின்தொடை இடுக்கிலும் விரலை விட்டுப் பாருங்கள். மேலே சீப்பு போட்டு முடி பளபளவென்று இருக்கும், அடியில் சிக்கு திரண்டு நெல்லிக்காய் அளவுக்குச் சடை பிடித்திருக்கும். ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் அது தோலை இழுக்கும். யாராவது உங்கள் அக்குள் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தால் நீங்களும் மூலையில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். சடை எடுத்த மறுநாளே பீரோ மேல் ஏறிய பெர்சியன்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து நீங்களாகக் கத்தரிக்கோல் போடாதீர்கள், அங்கே தோல் அப்பளம் மாதிரி மெல்லிசு, முடியோடு சேர்ந்து வரும், அப்புறம் நான்தான் தையல் போட வேண்டும். ட்ரிம்மர் வைத்துச் செய்பவர்களிடம் போங்கள்.

அடுத்து எடை. பெண் பெர்சியனுக்கு 6.2 கிலோ அநேகமாக அதிகம்தான். சரியாக எவ்வளவு அதிகம் என்பதை விலா எலும்பைத் தடவிப் பார்த்துத்தான் சொல்ல முடியும், அதனால் பேச்சுக்கு 4.5 கிலோ இருக்க வேண்டியவள் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த எடைக்குச் சும்மா இருக்கும்போது தேவைப்படும் சக்தி 215 கலோரி பக்கம் வரும். ட்ரை ஃபுட் 100 கிராமில் பெரும்பாலும் 350 முதல் 400 கலோரி இருக்கும், பாக்கெட்டில் போட்டிருக்கும் பாருங்கள். அப்படியென்றால் நாள் முழுக்கவும் சேர்த்து 50 முதல் 60 கிராம்தான், இளைக்க வேண்டும் என்றால் அதிலும் கொஞ்சம் குறைவு. ஒரு சின்ன எடைத் தராசில் 50 கிராம் போட்டுப் பார்த்தால் ‘இவ்வளவுதானா’ என்று ஆகிவிடும். கருத்தடைக்குப் பிறகு உடம்பின் தேவை 20 முதல் 30 சதவீதம் குறைந்துவிடுகிறது, பசி மட்டும் குறைவதில்லை. கிண்ணம் நிறைந்தே இருக்கும் வீட்டில் எத்தனை நிமிடம் ஓடவிட்டாலும் எடை இறங்காது. விளையாட்டு தசைக்கும் மூட்டுக்கும் மனதுக்கும், எடைக்குத் தராசு. வாரத்துக்கு 60 கிராம் குறைந்தால் போதும், ஆறு மாதம் ஆகும், பரவாயில்லை. இன்னொன்று, ‘பசியெடுத்தால் தானே இளைப்பாள்’ என்று பட்டினி மட்டும் போட்டுவிடாதீர்கள். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

பெங்கால் கதை வேறு. பெங்கால் என்றதும் வங்காளத்துப் பூனை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆசியச் சிறுத்தைப்பூனை என்று ஒரு காட்டுப் பூனை உண்டு, நம் மேற்குத்தொடர்ச்சி மலையிலும் இருக்கிறது, அதன் அறிவியல் பெயரில் ‘பெங்காலென்சிஸ்’ என்று வரும். அதையும் வீட்டுப் பூனையையும் கலந்து ஜீன் மில் என்ற அமெரிக்கப் பெண்மணி உருவாக்கி 1980களில் நிலைப்படுத்திய இனம் இது. ஆக, நான் மேலே சொன்ன ‘இனமெல்லாம் அழகுக்குத்தான்’ என்பதற்கு இது ஒரு விலக்கு. நிஜமான பெங்கால் ஏறும், தாவும், தண்ணீரில் கையை விடும், கதவுக் கைப்பிடியைத் தொங்கித் திறக்கும். ஆனால் இங்கே பெங்கால் என்று விற்பதில் பல, உடம்பில் புள்ளி கொஞ்சம் தூக்கலாக விழுந்த நாட்டுக் கலப்புதான். உங்களுடையது எது என்று ஒரு படத்தைப் பார்த்து நான் சொல்லிவிட முடியாது. சொன்னாலும் இப்போதைக்குப் பெரிய பயனில்லை, ஏனென்றால் 5 மாதத்தில் எல்லா ஆண் குட்டியும் பெங்கால்தான். எங்கள் ஜெனரேட்டர்க்காரி அந்த வயதில் பூஜை அலமாரியில் ஏறிக் குத்துவிளக்கைக் கவிழ்த்தாள், அவளுக்கு எந்தச் சான்றிதழும் இல்லை.

இரவு 3 மணி ஆட்டத்துக்கு வருகிறேன். பூனை பட்டப்பகல் விலங்கும் இல்லை, நள்ளிரவு விலங்கும் இல்லை, அந்தி சந்தியில் வேட்டையாடுவது. பகல் முழுக்க நீங்கள் ஆபீஸில், அவன் தூங்கித் தீர்த்துவிடுகிறான். நீங்கள் வந்ததும் அரை மணி கொஞ்சல், அப்புறம் எல்லோரும் படுத்துவிடுகிறீர்கள், அவனுக்கு அப்போதுதான் பொழுது விடிகிறது. படுக்கப் போகும் முன், 10 மணிவாக்கில், நன்றாக 15 நிமிடம் அந்தக் குச்சி விளையாட்டு ஆடுங்கள், இவனுக்கு வேகமாக, மேலே சோபா முதுகு, கீழே கட்டிலடி என்று. முடிந்த கையோடு நாளின் பெரிய சாப்பாட்டை அப்போது வையுங்கள். வேட்டை, சாப்பாடு, முகம் கழுவல், தூக்கம் என்ற வரிசையை நீங்களே உண்டாக்குகிறீர்கள். பத்து நாளாவது விடாமல் செய்ய வேண்டும். விடியற்காலையில் அவன் கத்தும்போது எழுந்து ஒரு பிடி போட்டீர்களோ, தொலைந்தது, கத்தினால் சோறு வரும் என்று அன்றைக்கே படித்துவிடுவான். சாயங்காலம் ஒரு ஆட்டம், காலையில் ஒன்று. நீங்கள் இல்லாத பகலில் முட்டை அட்டை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு குழியிலும் நாலு உருண்டை ட்ரை ஃபுட் போட்டு, மேலே கசக்கிய காகிதம் வைத்துவிட்டுப் போங்கள், முக்கால் மணி நேரம் அதோடு மல்லுக்கட்டுவான். பரணுக்கு ஏற ஒரு வழி செய்து கொடுங்கள், ஒரு மரக்கட்டையில் சணல் கயிறு இறுக்கிச் சுற்றி நிறுத்துங்கள். இந்த மாதிரிப் பூனைக்கு ஓடுவதைவிட ஏறுவதும் யோசிப்பதும்தான் அசதி தரும். ஆறு மாதம் ஆவதற்குள் கருத்தடையையும் முடித்துவிடுங்கள். அப்புறமும் ஆடத்தான் செய்வான், ஆனால் வெளியே போகும் வெறி தணியும்.

மற்ற இனங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். சயாமிக்கு ஓட்டத்தைவிடப் பேச்சுத் துணை வேண்டும், தனியாக விட்டால் கத்தியே ஊரைக் கூட்டும். அபிசீனியன் பெங்காலுக்குச் சளைத்ததில்லை. பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் சாது, சீக்கிரம் குண்டாகும், தராசு பாடம் அதற்கும்தான். மெய்ன் கூன், ராக்டால் இரண்டும் பெரிய உடம்பு, நிதானமான ஆட்டம். இந்த இரண்டிலும் இதயத் தசை தடித்துப்போகும் நோய் பரம்பரையாக வருவது உறுதியான விஷயம், மரபணுப் பரிசோதனையே இருக்கிறது. ஓடிவிட்டு வழக்கத்தைவிடச் சீக்கிரம் படுத்துக்கொண்டால் இதயத்தை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். ஸ்காட்டிஷ் ஃபோல்டு பற்றி எனக்குக் கோபமே உண்டு. காதை மடிக்கும் அதே மரபணு உடம்பு முழுக்கக் குருத்தெலும்பைக் கெடுக்கிறது. அது காலை நீட்டி மனுஷன் மாதிரி உட்காருவதைப் பார்த்து எல்லோரும் படம் எடுக்கிறார்கள், மூட்டு வலிக்கு அது கண்டுபிடித்த வழியாகவும் அது இருக்கலாம். அதைத் தாவ வைக்காதீர்கள், சோபாவுக்குப் பக்கத்தில் படி மாதிரி எதையாவது போடுங்கள். வயதான பூனை எந்த இனமானாலும் இதே கதைதான்: 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேயைப் பார்த்த 2002ஆம் ஆண்டு ஆய்வில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது.

வெளியே கூட்டிப் போவது: பெர்சியனுக்கு வேண்டாம். குட்டிக்குப் பழக்கலாம், இந்தக் குணமுள்ள பூனைகள் ஹார்னஸை, அதாவது மார்பைச் சுற்றி மாட்டும் பட்டையை, ஏற்றுக்கொள்ளும். கழுத்துப்பட்டையில் கயிறு கட்டாதீர்கள், உருவிக்கொண்டு ஓடிவிடும். முதல் இரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே மாட்டி, மாட்டியபடி சாப்பாடு வைத்துப் பழக்குங்கள். எல்லாத் தடுப்பூசியும், முக்கியமாக ரேபிஸ், முடிந்த பிறகுதான் வாசலைத் தாண்ட வேண்டும். தெருவுக்கு வேண்டாம், தெருநாய் ஒன்று குரைத்தால் உங்கள் தோளைப் பிறாண்டி ஏறி ஹார்னஸோடு மரத்துக்குப் போய்விடும். மொட்டை மாடி நல்லது, விடிந்து 7 மணிக்குள். பத்து மணிக்கு மேல் அந்தத் தளத்தில் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், ஐந்து நொடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

அதைவிட அவசரம் உங்கள் பால்கனி. மூன்றாவது மாடி என்றீர்கள், புறா வலை போட்டிருப்பீர்கள். அந்த நைலான் வலையைப் பூனை ஒரே ராத்திரியில் கடித்து ஓட்டை போடும். இப்போது எல்லோரும் போடுகிற மெல்லிய கம்பித் தடுப்பிலும் 5 மாதக் குட்டி தலையை நுழைத்துவிடும், தலை போனால் உடம்பு போய்விடும். சின்னக் கண் உள்ள ஸ்டீல் வலைதான் போட வேண்டும். பூனை எப்படி விழுந்தாலும் காலில் நிற்கும் என்று சொல்வார்கள். 1987இல் வெளியான நியூயார்க் ஆய்வு ஒன்றில், 5 மாதத்தில் மாடியிலிருந்து விழுந்து வந்த 132 பூனைகளில் சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன என்பது உண்மைதான். ஆனால் அது ஆஸ்பத்திரி வரை வந்து சேர்ந்தவற்றின் கணக்கு. காலில் நின்ற பூனையின் தாடை தரையில் மோதி மேலண்ணம் இரண்டாகப் பிளந்ததை நான் கம்பி கட்டி ஒட்டியிருக்கிறேன், அந்தப் பழமொழியை இப்போது சொல்வதில்லை.

விளையாட்டுச் சாமானில் இரண்டே எச்சரிக்கை. பெசன்ட் நகர் பீச்சில் விற்கிற லேசர் லைட்டை வாங்காதீர்கள், அதில் பல கண்ணைப் பொசுக்கும் அளவுக்கு வீரியமானவை. தவிர, புள்ளியை எவ்வளவு துரத்தினாலும் கவ்வ முடியாது, வரிசை முடியாமலே நிற்கிறது, சில பூனைகள் லைட்டை அணைத்த பிறகும் சுவரையே வெறித்துக்கொண்டிருக்கும். இரண்டாவது நூல். குச்சிப் பொம்மையை விளையாடி முடித்ததும் அலமாரியில் பூட்டுங்கள். பூ கட்டின நூல், ரப்பர் பேண்ட், அரிசி மூட்டை தைத்த சணல் எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. வாடிய மல்லிகைச் சரத்தை நூலோடு விழுங்கிய பூனையின் குடலை ஒருமுறை திறந்தேன், சுருக்குப்பை வாயை இழுத்த மாதிரி மடிப்பு மடிப்பாகச் சுருங்கிக் கிடந்தது. வாயிலோ பின்பக்கமோ நூல் நுனி தெரிந்தால் இழுக்கவே இழுக்காதீர்கள், உள்ளே குடலை அறுத்துவிடும், அப்படியே கொண்டுவாருங்கள்.

கடைசியாக, உங்கள் கேள்வியில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது: ‘குட்டி வந்த பிறகு இவள் இன்னும் சோம்பேறி ஆகிவிட்டாள்’. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அந்த வரிதான் உறுத்துகிறது. 5 மாதப் பயலுக்கு வீட்டில் இருப்பதிலேயே நல்ல பொம்மை அவளுடைய வால். பாத்ரூம் வாசலில் அவள் சுவரோடு முதுகை ஒட்டிப் படுத்திருக்கிறாளா என்று கவனியுங்கள். அப்படியென்றால் சூடு ஒரு காரணம், பின்னாலிருந்து யாரும் பாயக் கூடாது என்பது இன்னொரு காரணம். இரண்டையும் தனித்தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு விளையாடவிடுங்கள், முதலில் பயலைக் களைக்க வைத்துவிட்டு அப்புறம் அவளிடம் போங்கள். சாப்பாட்டுக் கிண்ணம் தனித்தனி இடத்தில், மலஜலத்துக்கு மண் தட்டு மூன்று, அவள் மட்டும் போகக்கூடிய ஒரு மூலை. இரண்டு வாரத்தில் நடமாட்டம் கூடினால் பிரச்சினை அதுதான். கூடவில்லை என்றால், அவள் அசந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள், மூன்று நாள் எண்ணி எழுதி வையுங்கள், 30க்கு மேல் போனால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள். போகும்போது அவள் வீட்டில் நடப்பது, சோபாவில் ஏறுவது, இறங்குவது மூன்றையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், கிளினிக் மேஜை மேல் எந்தப் பூனையும் நடந்து காட்டாது, கூடைக்குள் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும்.